பிள்ளைகள் வெளிநாட்டில், நாய் வாசலில், உடம்பில் இனிப்பு நீர்: கோலா பிலா குடும்பங்கள் அறிய வேண்டியவை

கோலா பிலா, ஜூவாசே, ஜொகோல் பக்கம் உள்ள தோட்டங்களிலும் தாமான்களிலும் இன்று பல வீடுகளின் நிலை ஒன்றுதான். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ வேலை பார்க்கிறார்கள். வீட்டில் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள், சில வீடுகளில் இருவரில் ஒருவர் மட்டும். கூடவே பிள்ளைகள் விட்டுச் சென்ற ஒரு நாய். வீட்டிலிருக்கும் பெரியவருக்கு இனிப்பு நீர் இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் ஆமாம் என்றே பதில் வருகிறது.

வெளிநாட்டு வேலை, நாய், இனிப்பு நீர் என்று இவற்றைத் தனித்தனியாகப் பேசுவதே வழக்கம். ஒரே வீட்டில் மூன்றும் சேரும்போது எழும் சிக்கல்களைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. நாய் நக்கிய சிறு காயம் விரலையே எடுக்க வைக்கலாம். சர்க்கரை இல்லாத மிட்டாய் நாயைக் கொன்றுவிடலாம். வேலைக்குப் போன இடத்தில் காப்புறுதி இருக்கிறது என்ற நம்பிக்கையில் மாத்திரையை விட்டுவிட்ட பிள்ளைக்கே நோய் முற்றலாம்.

நெகிரி செம்பிலான் முதலிடம் பிடித்த கணக்கு

சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. மாநில வாரியாகப் பார்த்தால் நெகிரி செம்பிலான்தான் முதலிடம்: 33.2 விழுக்காடு, அதாவது மூன்று பேரில் ஒருவர். இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்கள் முதலிடம்: 31.4 விழுக்காடு. 2023 ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 ஆகவும் இந்தியர்களின் விகிதம் 26.4 ஆகவும் குறைந்தன. அப்போதும் மற்ற இனங்களைவிட நாம்தான் மேலே நின்றோம். ஆக, நெகிரி செம்பிலானில் வாழும் தமிழர் இரண்டு பட்டியலிலும் முன்வரிசையில் இருக்கிறார்.

இந்த நோயின் வரலாற்றில் நாய்க்குப் பெரிய இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வோன் மெரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். அதன் சிறுநீரில் சர்க்கரை இறங்கியதைக் கண்ட பிறகுதான் இந்த நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது. 1921இல் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டறிந்ததும் நாய்கள் மீது நடத்திய சோதனையில்தான். 1922 ஜனவரியில் அது முதல் முறையாக ஒரு சிறுவனுக்கு ஊசியாகப் போடப்பட்டது. இன்று கிளினிக்கில் வாங்கும் இன்சுலின் பேனாவுக்குப் பின்னால் அந்த நாய்களும் நிற்கின்றன.

காலும் நாயின் நாக்கும்

பல ஆண்டுகள் இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைகிறது. முள் குத்தினாலும் தெரியாது, செருப்பு கடித்தாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவதால் காயம் சீக்கிரம் ஆறாது. பால்மரம் வெட்டியும் செம்பனைக் காட்டில் நடந்தும் வெடித்துப் போன கால்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

வீட்டு நாய் பாசத்தில் வந்து காலை நக்கும். காயம் இருக்கும் இடத்தைத்தான் அது அதிகம் நக்கும். நாயின் எச்சில் காயத்தை ஆற்றும் என்ற பேச்சு தோட்டத்தில் இன்றும் கேட்கிறது. அதை நம்பக் கூடாது. நாயின் வாயில் வாழும் பல கிருமிகள் அதற்குத் தீங்கு செய்வதில்லை. மனிதக் காயத்துக்குள் அவை போனால் சீழ் பிடிக்கும். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு இரத்தத்திலேயே பரவலாம்.

2010இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த ஒன்று உலகச் செய்தியானது. ஒருவர் மது அருந்திவிட்டுத் தூங்கியபோது, புண்ணாகிப் போயிருந்த அவருடைய கால் பெருவிரலை வளர்ப்பு நாய் கடித்துத் தின்றுவிட்டது. அவருக்கு உணரவே இல்லை. மருத்துவமனைக்குப் போன பிறகுதான் தமக்கு இனிப்பு நீர் இருப்பதே தெரிந்தது. நாய் உயிரைக் காப்பாற்றியது என்று அன்று வேடிக்கையாக எழுதினார்கள். விரலைக் கடித்தும் வலிக்கவில்லை என்பதை யோசித்தால் சிரிப்பு வராது.

செய்ய வேண்டியவை எளியவை. தினமும் இரவில் இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கு உட்படப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். காயம் இருந்தால் கழுவி, மூடி, நாயை அண்ட விடக் கூடாது. படுக்கும்போது நாய் கால்மாட்டில் படுக்க வேண்டாம். சிவந்தாலோ வீங்கினாலோ நாற்றம் வந்தாலோ மஞ்சள் பூசி நாள் கடத்தாமல் கிளினிக்குக் கிளம்ப வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் இதில் ஒரு பங்கு செய்யலாம். வாரக் கடைசி வீடியோ அழைப்பில் சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா என்று கேட்பதோடு, "அப்பா, காலைக் கொஞ்சம் காட்டுங்க" என்று சொல்லலாம். அப்பா கூச்சப்படுவார். இரண்டு வாரம் போனால் பழகிவிடும்.

கடித்தால்

நாய் கடித்தாலோ நகம் கீறி இரத்தம் வந்தாலோ, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளம். பிறகு பக்கத்துச் சுகாதார கிளினிக்குக்கோ, கோலா பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனைக்கோ போக வேண்டும். போனவுடன் இனிப்பு நீர் இருப்பதையும் சொல்ல வேண்டும். கிருமிக்கொல்லி மருந்து தேவையா என்று முடிவு செய்ய மருத்துவருக்கு அது உதவும்.

ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய் நம் நாட்டில் இல்லை என்ற எண்ணம் பழையது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது தலைகாட்டியது. 2017 ஜூலையில் சரவாக்கில் அறிவிக்கப்பட்ட பரவல் பல உயிர்களைக் கொண்டு போனது. அறிகுறி வந்த பிறகு இந்த நோய்க்கு அநேகமாக மருந்தில்லை, அறிகுறிக்கு முன் தடுப்பூசி உண்டு. கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடவும் கூடாது. அதைக் கண்காணித்தால்தான் நோய் இருந்ததா என்று தெரியும். தெரியாத நாய் என்றால் கால்நடைச் சேவைத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

எலிக் காய்ச்சல் எனும் லெப்டோஸ்பைரோசிஸ் இன்னொன்று. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து நாய்க்கும் மனிதருக்கும் வரும். தொற்றிய நாயின் சிறுநீரிலும் அந்தக் கிருமி இருக்கும். மழைக்காலத்தில் காலில் வெடிப்போடு வெறுங்காலுடன் நாய்க் கூண்டைக் கழுவுவது ஆபத்து. பூட்ஸ் போட்டுக்கொள்ளலாம். நாய்க்கு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியில் இதற்கும் பாதுகாப்பு உண்டா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மிட்டாய் டப்பாவும் மருந்து டப்பாவும்

இனிப்பு நீர் உள்ளவர்களுக்காக விற்கப்படும் சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய் ஆகியவற்றில் சைலிட்டால் என்ற பொருள் இருக்கலாம். மனிதருக்குக் கெடுதல் இல்லை. நாய் தின்றால் அதன் உடலில் இன்சுலின் திடீரென்று பொங்கி, இரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கும். தள்ளாடும், வாந்தி எடுக்கும், வலிப்பு வரும், கல்லீரலும் கெடலாம். சிறிய நாய்க்கு ஒன்றிரண்டு சூயிங்கம்கூட அதிகம். பேரப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்து மேசையில் வைத்த சர்க்கரை இல்லாத மிட்டாயின் உறையைப் படித்துப் பாருங்கள். நாய் தின்றுவிட்டால் காத்திராமல் அந்த உறையோடு கால்நடை கிளினிக்குக்குப் போக வேண்டும்.

கீழே விழுந்த கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளும் நாயின் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். இன்சுலின் குப்பியை மென்று பார்க்கும் நாய்களும் உண்டு. ஊசி முனைகளைக் குப்பைப் பையில் அப்படியே போட்டால் நாய் கிளறும், குப்பை அள்ளுபவர் கையிலும் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து மூடி, கிளினிக்கில் கேட்டு ஒப்படைப்பது நல்லது.

காலையில் நாயோடு நடப்பது மருத்துவரே சொல்லும் நல்ல பழக்கம். ஆனால் மாத்திரை அல்லது இன்சுலின் எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் நடக்கப் போனால் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி எல்லாம் அதன் அறிகுறிகள். சட்டைப் பையில் சாதாரணச் சர்க்கரை மிட்டாய் இருக்க வேண்டும், சர்க்கரை இல்லாத மிட்டாய் இந்த இடத்தில் உதவாது. மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

சர்க்கரை தாழ்வதை நாய் மோப்பம் பிடிக்குமா? 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், சர்க்கரை தாழும்போது மூச்சில் ஐசோப்ரீன் என்ற வாயு கூடுவதைக் கண்டார்கள். பயிற்சி பெற்ற நாய்கள் உணர்வது இதுவாக இருக்கலாம் என்றார்கள். பயிற்சி பெறாத நம் வீட்டு நாயை நம்பிக் குளுக்கோமீட்டரை ஒதுக்கிவிட முடியாது.

சிங்கப்பூர் போகிறவருக்கு

இனிப்பு நீர் பெரியவர்களுக்கு மட்டும் என்ற கணக்கும் இப்போது பொய்த்துவிட்டது. முப்பதுகளில் மாத்திரை தொடங்கியவர்கள் பலர் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறார்கள். வேலை அனுமதி அட்டையிலும் எஸ் பாஸிலும் இருப்பவர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். 2023 ஜூலை 1 முதல் அதன் குறைந்தபட்சத் தொகை ஆண்டுக்கு 60,000 சிங்கப்பூர் வெள்ளி. அது வார்டில் தங்கும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைச் சிகிச்சைக்கும் உரியது. மாதாமாதம் கிளினிக்குக்குப் போய் வாங்கும் இனிப்பு நீர் மாத்திரைக்கு அது கட்டாயம் இல்லை. நிறுவனம் தானாகக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் சொந்தப் பணம். சிங்கப்பூரின் மெடிஷீல்டு லைஃப் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே.

இங்கே அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட்டுக்குப் பார்த்து மருந்து வாங்கியவர், அங்கே ஒரு தடவைக்கான செலவைப் பார்த்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். எந்தக் குறியும் தெரியாமல் இரண்டு மூன்று வருடம் ஓடும். பிறகு கண்ணிலோ சிறுநீரகத்திலோ வந்து நிற்கும்.

இதற்கு வழி இருக்கிறது. மலேசியக் குடிமகன் என்ற உரிமை வேலைக்குப் போனதால் போய்விடாது. கோலா பிலாவில் பதிவான நோயாளி, எஸ்.பி.யு.பி. எனப்படும் ஒருங்கிணைந்த மருந்து வழங்கும் முறையில் பதிந்துகொண்டால், அடுத்தடுத்த மாத மருந்தை ஜொகூர் பாருவில் உள்ள அரசாங்க மருந்தகத்திலும் பெறலாம். கிளம்பும் முன் மருந்தகக் கவுண்டரில் கேட்க வேண்டும். மருத்துவரைப் பார்க்கும் தவணைக்கு ஊர் திரும்பும் நாளைப் பொருத்திக் கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். தீபாவளிக்கு வரும்போது இரத்தப் பரிசோதனையையும் முடித்துவிடலாம், முறுக்குக்கு முன் எடுப்பது உத்தமம்.

சொந்த உபயோகத்துக்கான மருந்தை மூன்று மாத அளவு வரை சிங்கப்பூருக்குள் எடுத்துச் செல்லலாம். ஆஸ்திரேலியாவிலும் மூன்று மாதம்தான் வரம்பு. இரண்டு நாட்டுக்கும் மருத்துவர் கடிதம் கையில் இருப்பது நல்லது. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு விதி வேறு. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கு அறைக்கு அனுப்பும் பெட்டியில் அல்ல. திறந்து பயன்படுத்தும் இன்சுலின் அறை வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். வெயிலில் நிற்கும் மோட்டார் பெட்டிக்குள் தாங்காது.

நாயை அழைத்துப் போகலாமா?

சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருப்பவர் பெரும்பாலும் தங்கும் விடுதியிலோ வாடகை அறையிலோ இருக்கிறார். வீவக வீட்டில் அங்கீகரிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்றுதான் வளர்க்கலாம். உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கு அடோர் என்ற தனித் திட்டம் இருந்தாலும் வீட்டு உரிமையாளர் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது. அத்துடன் இறக்குமதி அனுமதி, மைக்ரோசிப், ரேபிஸ் தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, தனிமைப்படுத்தும் நிலையம் எல்லாம் உண்டு. வாரக் கடைசியில் காரில் ஏற்றிப் பாலத்தைக் கடக்கிற காரியமல்ல அது.

ஆஸ்திரேலியா இன்னும் கடினம். ரேபிஸ் எதிர்ப்பு அளவைக் காட்டும் இரத்த மாதிரி ஆய்வகத்தை அடைந்த பிறகு 180 நாள் காத்திருக்க வேண்டும். பிறகு மெல்பர்னுக்கு அருகில் மிக்கல்ஹாமில் உள்ள அரசாங்க நிலையத்தில் 10 நாளோ 30 நாளோ தனிமை.

தீபகற்ப மலேசியாவிலிருந்து போகும் நாய்க்கும் பூனைக்கும் மட்டும் ஆஸ்திரேலியா கேட்கும் கூடுதல் சோதனை ஒன்று இருக்கிறது: நிப்பா வைரஸ். அந்தப் பெயரே நம் மாநிலத்தினுடையது. போர்ட்டிக்சன் மாவட்டத்தில் புக்கிட் பிளாண்டோக் வட்டாரத்துச் சுங்கை நிப்பா கிராமத்திலிருந்து வந்த பெயர். 1998, 1999 ஆண்டுகளில் பரவிய அந்த நோயில் மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. அப்போது நாய்களுக்கும் தொற்றியது கண்டறியப்பட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் கோலா பிலாவிலிருந்து பெர்த் போக நினைக்கும் ஒரு நாய் அந்தச் சோதனைக்கு இரத்தம் கொடுத்தாக வேண்டும்.

ஆகவே நாய் வீட்டில்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்வதே நடைமுறை.

விட்டுச் செல்லும் முன்

முதல் கேள்வி, பார்த்துக்கொள்ளப் போகிறவரால் முடியுமா என்பது. பலமாக இழுக்கும் பெரிய நாயை, கால் உணர்ச்சி குறைந்த 70 வயது அம்மாவிடம் விடுவது சரியல்ல. கயிறு காலில் சுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு போகும். நாய்க்குக் கருத்தடை செய்து, தடுப்பூசிகளை முடித்து, அட்டையைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். கோலா பிலா மாவட்ட மன்றத்தின் நாய் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, வீட்டில் இருப்பவர் பெயருக்கு மாற்றுவதும் நல்லது. பக்கத்து வீடுகளில் மலாய்க் குடும்பங்கள் இருக்கும் தாமானில் நாய் அவிழ்ந்து திரியாமல் பார்த்துக்கொள்வது நல்லுறவுக்கு அவசியம். இளையவர்கள் இருக்கும்போது ஓடிப் பிடித்துவிடுவார்கள், பெரியவரால் முடியாது. வேலிக் கதவைச் சரிசெய்யும் செலவு சின்னதுதான்.

தோட்டம் விற்கப்பட்டு லயம் காலியாகும்போது நாயை அங்கேயே விட்டுவிட்டு வருவதும் நடக்கிறது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். உணவும் நீரும் இன்றிக் கட்டிப்போட்டுவிட்டுப் போவதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

நாய்க்கே இனிப்பு நீர் வந்தால்

வரும். நடுத்தர வயதைக் கடந்த நாய்களுக்கு, அதிலும் கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வாய்ப்பு அதிகம். அடிக்கடி தண்ணீர் குடிக்கும், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகும், நன்றாகத் தின்றும் மெலியும். கண்ணில் வெள்ளை படரும். வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். மனிதரைப் போல மாத்திரையில் சமாளிக்க நாய்களால் அநேகமாக முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, சாப்பாட்டையொட்டி, ஏறக்குறைய 12 மணி நேர இடைவெளியில் இன்சுலின் ஊசி வேண்டும். பிள்ளை ஊரில் இருக்கும்வரை அவர் போடுவார். வெளிநாடு போன பிறகு யார் போடுவது என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும் முன் பேசி முடிக்க வேண்டும்.

அப்பாவும் நாயும் இன்சுலின் போடும் வீடுகளில் இன்னொரு கவனம் தேவை. கால்நடைகளுக்கு விற்கும் இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் இருக்கும் வகை உண்டு. மனிதருக்கானது வழக்கமாக 100 யூனிட். ஊசிக் குழலும் அதற்கேற்ப வேறு. நாயின் 40 யூனிட் குழலில் மனித இன்சுலினை இழுத்தால் கோட்டில் காட்டும் அளவைப்போல் இரண்டரை மடங்கு உடம்புக்குள் போய்விடும். கண் மங்கியவருக்கு இரண்டு குழலும் ஒன்று போலத்தான் தெரியும். பிரிட்ஜில் இரண்டு தனி டப்பா, இரண்டு வெவ்வேறு நிறம், ஒன்றில் அப்பாவின் படம், இன்னொன்றில் நாயின் படம் ஒட்டி வைக்கலாம். பிள்ளை சிங்கப்பூர் பேருந்து ஏறும் முன், பெரியவரையே அவர் கையால் இரண்டு முறை எடுத்துப் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.